கம்பம் நட்ட ஊரில் அம்மை குத்தியவள்

ஜேடர்பாளையம் பக்கத்தில் ஆத்தாயி வருகிறாள் என்றால் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். பெரியவர்களும் சும்மா இருக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இடம் போதாததால் அவர்கள் சோளக்காட்டுக்குள் போனார்கள். ஜில்லா போர்டில் அம்மை குத்தும் வேலைக்கு அந்த வட்டாரத்திலிருந்து போன முதல் பெண் அவள். 1932இல் சேர்ந்தவள், பதினைந்து வருடம் நடந்தே ஊர் ஊராகப் போய்க் குத்தினாள். அவளைத் திட்டாத ஊர் இல்லை. அவள் செத்தபோது ஆள் அனுப்பாத ஊரும் இல்லை.

அந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டுப் போகவில்லை, ஆத்திரப்பட்டுப் போனாள். 1926இல் ஒரே வாரத்தில் அவள் புருஷனையும் மூன்று வயது மகன் வேலுமணியையும் பெரியம்மை கொண்டுபோயிற்று. வேலுமணிக்கு அம்மை குத்தியிருந்தார்கள். ஆனால் போர்டு ஆள் குத்திவிட்டுத் தெருமுனை திரும்புவதற்குள் ஆத்தாயி எலுமிச்சம்பழச் சாற்றில் சாம்பலைக் குழைத்துப் பிள்ளையின் கையை அழுத்தித் துடைத்துவிட்டாள். எல்லா வீட்டிலும் அதைத்தான் செய்தார்கள். அது கன்றுக்குட்டி மேலிருந்து எடுத்த சீழ், உடம்பில் ஊறவிட்டால் மாரியாத்தாளுக்குக் கோபம் வரும் என்று பேச்சு. இதில் வேடிக்கை, துடைத்தவர்களே பிறகு, ‘எங்க பையனுக்குக் குத்தியாச்சு’ என்று நிம்மதியாகவும் இருந்தார்கள். ஆத்தாயியும் அப்படித்தான் இருந்தாள்.

மிச்சம் இருந்தது கைக்குழந்தை சௌந்திரம் ஒருத்திதான். அவளுக்காவது குத்திவிடலாம் என்று தேடினால், போர்டு ஆள் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. விரட்டி விரட்டி அனுப்பினால் எவன் வருவான்? வருடங்கள் ஓடின. கடைசியில் ஆத்தாயி, அப்படியானால் நானே குத்துகிறேன் என்று கிளம்பினாள். ஐந்தாவது வரை படித்திருந்தாள். பெண்கள் ஆம்பளையிடம் கை நீட்டக் கூச்சப்படுவதால் போர்டும் பெண்பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தது. சேலத்தில் மூன்று மாதம் பழகிவிட்டு வந்து, முதல் வேலையாக ஆறு வயது சௌந்திரத்துக்குக் குத்தினாள்.

குத்தினால் போதாது. எட்டாம் நாள் கையைப் பார்க்கவேண்டும். கொப்புளம் எழும்பியிருந்தால்தான் குத்து பிடித்தது என்று கணக்கு. ஆனால் மறுநாளே உத்தரவு வந்தது, கெங்கவல்லிப் பக்கம் ஒரு மாதம் போ என்று. மகளை நாத்தனார் சாலம்மாளிடம் விட்டுவிட்டுப் போனாள். சாலம்மாள் நல்ல மனுஷி. தம்பி மகளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தாள்.

பங்குனியில் ஒரு சாயங்காலம் ஆத்தாயி திரும்பி வந்தபோது எதிர்வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அந்த வீட்டுச் சிறுமிக்கு அம்மை. மூன்று நாள் முன்புவரை சௌந்திரம் அவளோடுதான் விளையாடிக்கொண்டிருந்தாளாம்.

“நங்கை, இவ கையி எழும்புச்சுங்களா?” என்று ஆத்தாயி நாத்தனாரைக் கேட்டாள்.

“நல்லா எழும்புச்சு, போ” என்றாள் சாலம்மாள்.

ஆத்தாயிக்கு அந்தச் சொல்லே போதுமாக இருந்தது. மறுநாள் காலையில், தான் சேலத்தில் தைத்து வாங்கி வந்த, முழங்கை வரை மூடும் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்ற மகளையும் கூட்டிக்கொண்டு ஓலைப்பாளையத்துக்கு நடந்தாள். ஓலைப்பாளையத்துக்குப் பக்கத்து ஊரில் மூன்று சாவு விழுந்திருந்தது. மெட்ராஸிலிருந்து வந்த மருந்துக் குழாய்களை ஈரத்துணி சுற்றிய மண்கலயத்தில் வைத்திருந்தாள். பங்குனி வெயிலில் அது நான்கு நாள் தாங்கினால் அதிகம்.

ஊருக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது. மாரியம்மன் கோயில் முன்னால் மூன்று கிளை உள்ள கம்பம் நட்டு, மஞ்சள் பூசி, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கம்பம் நட்டால் பதினைந்து நாளைக்கு ஊர் எல்லைக்குள் ஒரு சொட்டு ரத்தம் விழக்கூடாது. கடுகு தாளிக்கும் ஓசைகூடக் கேட்காது. ஊரில் இருப்பவர்கள் வெளியே ராத்தங்கக் கூடாது.

ஊர்க்கவுண்டர் சென்னிமலை கையெடுத்துக் கும்பிட்டார். “கம்பம் புடுங்கின பொறவு வாங்க அம்மிணி. இப்ப ஊசின்னு பேச்செடுத்தாலே ஆத்தா குத்தமுங்க.”

“பதினஞ்சு நாள்ல பொதைக்க ஆளிருக்குமுங்களா?” என்றாள் ஆத்தாயி.

கேட்டிருக்கக்கூடாது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சென்னிமலையின் முகம் சுருங்கியது. ஆத்தாயி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு தன்மையாகக் கேட்டாள்: “ஊர் எல்லை எது வரைக்குமுங்க?”

“வாய்க்கா ஓரத்துல கல்லு இருக்குதல்லங்க, அது வரைக்கும்.”

“கல்லுக்கு அந்தப்பக்கம் உங்க சோளக்காட்டுல அறுப்பு நடக்குதுங்களே. அங்க அருவா பட்டு ரத்தம் வந்தா?”

“அது எல்லைக்கு வெளியதானுங்க. பொழுது சாய ஊடு வந்து சேந்தாச் சரி.”

“அப்ப நான் கல்லுக்கு அந்தப்பக்கம் வேப்பமரத்தடியில உக்காந்துக்கறேன். பொழுது சாயறதுக்குள்ள எல்லாரும் ஊடு திரும்பிரலாம். ஆத்தா கட்டுப்பாடு எங்க மீறுச்சுங்க?”

சென்னிமலை மீசையை நீவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். யோசிக்க ஒன்றும் இல்லை. ஒத்துக்கொள்ளக் கௌரவம் தடுத்தது, அவ்வளவுதான். இறுதியில், “முதல்ல உங்க புள்ளை கையைக் காட்டுங்க. குத்தினா ஒண்ணும் ஆகாதுன்னு எங்க பொம்பளைங்க பாக்கட்டும்” என்றார்.

இதற்காகத்தானே கூட்டி வந்தாள். வாய்க்கால் கரையில் ஊரே திரண்டு நிற்க, ஆத்தாயி மகளின் சட்டைக் கையைச் சுருட்டினாள். தழும்பு இல்லை. அடுத்த கையைச் சுருட்டினாள். அங்கும் ஒன்றும் இல்லை. பிள்ளையின் தோல் மழமழவென்று இருந்தது.

“அத்தை அன்னைக்கே சாம்பல் போட்டுத் தொடச்சுட்டாங்கம்மா” என்றாள் சௌந்திரம் மெதுவாக. “எட்டாம் நாளு நீ பாப்பேன்னு சொன்ன. நீ வரவே இல்ல.”

யாரோ சிரித்தார்கள். ஆத்தாயிக்கு அந்தச் சிரிப்பு காதில் விழவில்லை. எதிர்வீட்டு வேப்பிலையும், மூன்று நாள் முன்புவரை என்று சாலம்மாள் சொன்னதும்தான் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. நோய் மகள் உடம்புக்குள் இறங்கியிருக்கலாம். இப்போது குத்தினால் மருந்து நோயை முந்திக்கொள்ளவும் செய்யும், முந்தாமலும் போகும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எங்கே ஓடுவது? மருந்து இருந்த இடம் அவள் கையில்தான்.

அவள் கலயத்தைத் திறந்தாள். மகளின் கையைக் கழுவி, மருந்தை வைத்து, ஊசியால் கீறினாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“என்ற பையன் வேலுமணிக்கு நானேதான் இப்புடித் தொடச்சேன். மூணு வயசு. ஒரு வாரத்துல போயிட்டான். ஆத்தா கொண்டுபோகலீங்க, நான்தான் குடுத்தேன். இன்னைக்கு இவ எதிர்வீட்டுல அம்மை இருக்குது. இவளுக்கும் வருதா இல்லையான்னு எனக்கே தெரியாது. இந்த எட்டு நாளும் இவளை வெச்சுக்கிட்டு இங்கதான் இருக்கப்போறேன். நீங்க பாத்துட்டே இருங்க. ஆனா அதுக்குள்ள மருந்து கெட்டுப்போயிரும். அதனால குத்திக்கறவங்க இன்னைக்கே வரோணும்.”

முதலில் வந்தது சென்னிமலையின் மருமகள்தான், இடுப்பில் குழந்தையோடு. மாமனாரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். குத்திய பிள்ளைகளை மகளிடமிருந்து தள்ளியே உட்காரவைத்து, மருந்து காயும்வரை எழவே விடவில்லை ஆத்தாயி. பொழுது சாய்வதற்குள் நாற்பத்தொரு பேர். சோளக்காட்டுக்குள் ஓடிய நான்கு பேரைத் துரத்திப் பிடித்த கதையைச் சௌந்திரம் பிற்காலத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அன்றைக்கு ஆத்தாயி சிரிக்கவில்லை. அறுப்பு முடிந்த காட்டில் இருந்த சாளைக் குடிசையில் தாயும் மகளும் தங்கினார்கள். யாரையும் கிட்டே வரவிடவில்லை. சென்னிமலை வீட்டிலிருந்து கம்பங்கூழ் கல்லின்மேல் வரும், இவள் போய் எடுத்துக்கொள்வாள். ஐந்தாம் நாள் சௌந்திரத்தின் கையில் கொப்புளம் எழும்பியது. ஆறாம் நாள் காய்ச்சல் அடித்தது. குத்தின காய்ச்சலும் அப்படித்தான் வரும், பெரியம்மையும் அப்படித்தான் தொடங்கும். முகத்தில் முத்துப் போட்டால் முடிந்தது. ஆத்தாயி மகளின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லுக்கு அந்தப்பக்கம் பெண்கள் நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுதால் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாம்பலைக் கையில் எடுப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவள் அழவில்லை.

ஏழாம் நாள் போர்டிலிருந்து ஆள் வந்தான். உடனே மோகனூர்ப் பக்கம் போகவேண்டும் என்று உத்தரவு. அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே ஆத்தாயி எழுதினாள்: ‘நாளை எட்டாம் நாள். பார்த்துவிட்டு வருகிறேன்.’ பதினைந்து வருட வேலையில் உத்தரவைத் தள்ளிவைத்தது அந்த ஒரு முறைதான்.

எட்டாம் நாள் விடிந்தபோது சௌந்திரம் எழுந்து உட்கார்ந்து, “பசிக்குதும்மா” என்றாள். உடம்பு குளிர்ந்திருந்தது. நெற்றியிலும் கன்னத்திலும் ஒரு புள்ளி இல்லை. ஆத்தாயி மகளை வெளிச்சத்தில் நிறுத்தி, முடியை விலக்கி, காதுக்குப் பின்னால்கூடப் பார்த்தாள். பார்த்து முடித்த பிறகுதான் பிள்ளையைக் கட்டிக்கொண்டு சத்தமாகவே அழுதாள்.

பிறகு முகம் கழுவிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். நாற்பத்தொரு கைகளில் நாற்பது எழும்பியிருந்தன. எழும்பாத ஒன்றுக்கு அடுத்த மருந்து வந்ததும் மறுபடி குத்துவதாகச் சொல்லி, அந்தத் தாயை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் சாலம்மாள் வரப்பு வழியாக ஓடிவந்தாள். விஷயம் அவள் காதுக்கு அன்றைக்குத்தான் எட்டியிருந்தது. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. பத்தடி தள்ளியே நின்றுவிட்டாள்.

“நான் நல்லதுன்னுதான் தொடச்சேன் ஆத்தாயி. சத்தியமா நல்லதுன்னுதான். புள்ளைக்கு ஆத்தா கோவம் வந்துருமோன்னு…”

ஆத்தாயி எட்டு நாளாக அவளுக்காகச் சேர்த்துவைத்திருந்த வசவு நிறையவே இருந்தது. வாயைத் திறந்தாள். ஆனால் அந்த முகத்தில், ஆறு வருடத்துக்கு முன்னால் கையில் சாம்பலோடு நின்ற இன்னொருத்தியைத்தான் பார்த்தாள். கலயத்தின் அடியில் ஒரே ஒரு குழாய் மிச்சம் இருந்தது. பிடிக்குமோ பிடிக்காதோ, அதை எடுத்தாள்.

“இப்புடி வந்து உக்காருங்க நங்கை. கையை நீட்டுங்க.”

சாலம்மாள் உட்கார்ந்து கையை நீட்டினாள். ஆத்தாயி கீறி முடித்தும் அந்த மணிக்கட்டை விடவில்லை. மருந்து காயும்வரை இறுகப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.