ஒரு கை சர்க்கரைப் பொங்கல்

போர்க்காலத்தில் தென்காசியில் கஞ்சித்தொட்டி வைத்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. அங்கே பிழைக்கப் போயிருந்த நம் சனங்கள் காடும் மலையும் நடந்து திரும்பி வந்தார்கள். வந்தவர்களுக்குக் கொடுக்க ஊரில் சோறில்லை. கூலிவேலை பார்த்து ஊரிலேயே இருந்தவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியாத காலம் அது.

குற்றாலம் ரோட்டில் ஓர் அரிசி ஆலை, எஞ்சினுக்கு எண்ணெய் கிடைக்காமல் மூடிக் கிடந்தது. அதன் முதலாளி அண்ணாச்சி கதவைத் திறந்துவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் கம்பும் குருணையும் கொடுத்தார்கள். ஆலையில் நெல் புடைத்துக்கொண்டிருந்த பெண்களே அண்டாவில் கஞ்சி காய்ச்சினார்கள். நானும் இன்னொரு டீச்சரும் பள்ளிக்கூட நேரத்துக்கு முன்னும் பின்னும் போய் ஊற்றுவோம். குழந்தைகளுக்கு மட்டும்தான் என்று ஏற்பாடு. ஆனால் கூட வருகிற தாய்மாரை வெறும் வயிற்றோடு அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா வாரம் இரண்டு தடவை வந்து குழந்தைகளைப் பார்ப்பார். வெளியூர்க்காரர், அதிகம் பேசமாட்டார். ரொம்பவும் மெலிந்து, கால் வீங்கியிருக்கும் குழந்தைகளின் மணிக்கட்டில் சிவப்பு நூலைக் கட்டிவிடுவார். அந்தக் குழந்தைகளுக்குக் கஞ்சி கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு கரண்டி கஞ்சித்தண்ணி, தண்ணீர் சேர்த்த பால், அவ்வளவுதான். "நான் சொல்றவரைக்கும் ஒரு பருக்கை கொடுக்கக் கூடாது" என்பார். காரணம் சொன்னாரோ என்னவோ, என் காதில் ஏறவில்லை. பட்டினி கிடந்த பிள்ளைக்குத் தண்ணீரை ஊற்றி அனுப்புவது எனக்குக் கல்நெஞ்சாகவே பட்டது.

ஆனி மாதக் கடைசியில் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் பக்கத்துக் கிராமமான குத்துக்கல்வலசையில் பிறந்தவள். ரங்கூனில் குண்டு விழுந்த அன்று வேலைக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை. இரண்டு பிள்ளைகளோடு கூட்டத்தோடு கூட்டமாக நடந்தவள், ஒரு பிள்ளையோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். இன்னொன்று எப்படிப் போயிற்று என்று நான் கேட்கவில்லை. அந்தச் சமயத்தில் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை.

மகளுக்கு ஐந்து வயது என்றாள். மூன்று வயதுக்குத்தான் மதிக்கலாம். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சிவப்பு நூலைக் கட்டினார். அந்தக் குழந்தை அழாது, கேட்காது. மற்றக் குழந்தைகளின் தட்டில் கஞ்சி விழும்போது தட்டைப் பார்க்காமல் கரண்டியையே பார்த்துக்கொண்டிருக்கும். கரண்டி போகிற பக்கமெல்லாம் அதன் கண்ணும் போகும். நான் ஊற்றும்போது அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டில் அக்காவுக்கு வளைகாப்பு. சொந்த வயலில் விளைந்த நெல் இருந்ததால் எங்கள் வீட்டில் பட்டினி தெரியாது. சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, தேங்காய்ச் சாதம் எல்லாம் செய்திருந்தார்கள். சாப்பிட உட்கார்ந்தபோது கரண்டியையே பார்க்கும் அந்தக் குழந்தையின் கண்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. கொஞ்சம் பொங்கலை வாழையிலையில் கட்டி, புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு ஆலைக்குப் போனேன்.

தாய் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழந்தை சாக்கு அடுக்கின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தது. இலையைப் பிரித்து மடியில் வைத்தேன். அது உடனே எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தது.

"சாப்பிடு தாயி, ஒனக்குத்தான்" என்றேன்.

மென்றதா என்றுகூடச் சொல்ல முடியாது. இலையை நக்கி முடித்துவிட்டு என் கையையும் பிடித்து மோந்து பார்த்தது. அன்றைக்கு நான் சாரலில் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். பெரிய புண்ணியம் செய்தவள் மாதிரி மனசு குளிர்ந்திருந்தது.

மறுநாள் காலை வரிசையில் அவர்கள் இல்லை. கஞ்சி ஊற்றி முடிக்கிற சமயத்தில் தாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

"டீச்சரம்மா, விடிஞ்சதுலேருந்து நிக்காம வயித்தால போவுது. கூப்பிட்டா கண்ணத் தொறக்க மாட்டேங்கா. கைகாலெல்லாம் சில்லுன்னு கெடக்கு."

குழந்தையின் கண் உள்ளே போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. எனக்குக் காரணம் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. கூட இருந்த டீச்சர் ஆள் அனுப்பி டாக்டரம்மாவை வரவழைத்தார். அதற்குள் முதலாளி அண்ணாச்சியும் வந்துவிட்டார்.

டாக்டரம்மா குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் அப்படியே மடிந்து நின்றது. "காலராவா இருக்கலாம்" என்று அவர் மெதுவாகச் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. கஞ்சி காய்ச்சிய பெண்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

அண்ணாச்சி நல்ல மனுஷர். ஆனால் பயந்துவிட்டார். "காலரான்னா இன்னைக்கே கதவ அடைச்சிரணும்மா. நாப்பது பிள்ளைய வந்து போவுத எடம். ஊருக்குள்ள பரவிச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?"

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், காலராக்காரர்களுக்கென்று தட்டி கட்டிய கொட்டகை ஒன்று உண்டு. அங்கே தாயைக்கூட உள்ளே விடமாட்டார்கள். தாய்க்கு அது தெரிந்திருந்தது. குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "என்ட்ட இருந்து பிரிச்சிராதிய, பிரிச்சிராதிய" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. "நேத்து நான் பொங்கல் கொடுத்தேன்" என்றேன்.

டாக்டரம்மா திரும்பினார். "எவ்வளவு?"

உள்ளங்கையைக் குவித்துக் காட்டினேன்.

"நெய் போட்டதா?"

"ஆமா."

"எத்தனை மணிக்கு?"

"மூணு மணி இருக்கும்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டுவதற்கு அவருக்கு நேரமில்லை. குழந்தையின் துணியை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். வேறு எந்தக் குழந்தைக்காவது வயிற்றுப்போக்கு உண்டா என்று கேட்டார். யாருக்கும் இல்லை. "தாயும் பிள்ளையும் என்கூட வரட்டும். கொட்டகை வேண்டாம், வார்டுக்கே போகலாம். அண்ணாச்சி, ரெண்டு நாள் கழிச்சு நான் சொல்றேன், அப்புறம் கதவை அடைக்கிறதைப் பத்திப் பேசலாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் வா. வேலை இருக்கு" என்றார்.

மாட்டுவண்டியில் தாய் என் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். எனக்குக் கொடுத்த வேலை, காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்பும் சீனியும் கலந்து, சின்னக் கரண்டியால் சொட்டுச் சொட்டாக வாயில் விடுவது. வாந்தி எடுத்தால் சிறிது பொறுத்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். வெளியே சாரல் நிற்காமல் பெய்துகொண்டிருந்தது. மத்தியானத்துக்கு மேல் தாய்தான் முதலில் பேசினாள்.

"மூத்தவன் நடந்த வழியில சாகல, டீச்சரம்மா. மலையெல்லாம் கடந்து முகாமுக்கு வந்துட்டான். அங்கன பெரிய பெரிய தட்டுல சோறு போட்டாவ. நல்லாத் தின்னான். மறுநாளு இதே மாதிரிதான்."

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"வைக்காதிய, ஊத்துங்க" என்றாள். "அந்தத் தட்ட அவனுக்கு வாங்கிக் கொடுத்தது நாந்தான். பசிச்ச பிள்ளையப் பாத்தா யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?"

அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று அதைச் சொல்ல மாட்டேன். தனக்குத் தானே சொல்லிக்கொண்டதாகவும் இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி ஊற்றினோம். சாயங்காலம் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு ஓடினேன். குழந்தை அப்படியே இருந்தது. மோசமாகவில்லை, தேறவும் இல்லை. டாக்டரம்மா வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஒண்ணுக்குப் போச்சா?" உடம்பில் தண்ணீர் பிடித்துவிட்டதற்கு அதுதான் அடையாளமாம். இல்லை என்று தலையாட்டுவோம். அவரும் தலையாட்டிவிட்டுப் போவார்.

அன்று பதினோரு மணி வாக்கில் தாய் முகம் கழுவப் போனாள். குழந்தையை என் மடியில் போட்டுக்கொண்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் புடவை சூடாக நனைந்தது. ஒரு விநாடி விளங்கவில்லை. விளங்கியதும் கத்திவிட்டேன்.

"போயிட்டா! ஒண்ணுக்குப் போயிட்டா!"

முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்டத் தாய் ஓடி வந்தாள். நர்ஸ் வந்தார். டாக்டரம்மா வந்து, என் ஈரப் புடவையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "புடவையை மாத்தாதே, இன்னும் நாலு தடவை போகட்டும்" என்றார். நான் சிரித்தேன், பிறகு தேம்பித் தேம்பி அழுதேன். குழந்தை கண்ணைத் திறந்து, யார் இப்படிச் சத்தம் போடுவது என்பது போல எங்களைப் பார்த்தது.

வியாழக்கிழமை அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கஞ்சித்தொட்டியில் வேறு எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் வரவில்லை. அண்ணாச்சி கதவை அடைக்கவில்லை. "நீ அன்னைக்கு வாயத் தொறந்து சொல்லலேன்னா நான் அடைச்சிருப்பேன்மா" என்று என்னிடம் சொன்னார். டாக்டரம்மா மட்டும் ஒரு நாள் என்னை உட்காரவைத்து, பட்டினி கிடந்த உடம்பு சோற்றை எப்படித் தாங்காமல் போகிறது என்று பொறுமையாக விளக்கினார். அதற்குப் பிறகு புதிதாக ஊற்ற வரும் பெண்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக் கொடுப்பது என் வேலையாயிற்று. என் கதையையும் சேர்த்தே சொல்வேன். அப்போதுதான் கேட்டார்கள்.

குழந்தை மெல்ல மெல்லத் தேறினாள். முதலில் கஞ்சி, பிறகு குழைந்த சோறு, பிறகு மற்றவர்களோடு வரிசையில். கால் வீக்கம் வடிந்ததும் அவள் ஒரு வாயாடி என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பாதி தமிழும் பாதி பர்மாப் பேச்சுமாக அண்டாப் பக்கத்துப் பெண்களை அதிகாரம் பண்ணினாள்.

ஆவணியில், சீசன் முடிகிற சமயம், டாக்டரம்மா சம்மதித்த குழந்தைகளை இரண்டு வண்டிகளில் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனோம். சிற்றருவியில் தண்ணீர் இதமாக விழுந்தது. அவள் முதலில் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள். அப்புறம் தண்ணீரை விட்டு வெளியே வர மாட்டேன் என்று அதைவிடப் பெரிதாக அலறினாள். துவட்டிப் பாறை மேல் உட்காரவைத்தபோது பல் தந்தியடித்தது.

"எம்மா, பசிக்கு. ரொம்பப் பசிக்கு" என்றாள்.

தாய் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "குத்தாலத்துல குளிச்சா எல்லாத்துக்குந்தாம்ட்டி பசிக்கும். இந்தா, டீச்சரம்மாவுக்கும் பசிக்கு, கேட்டுப் பாரு" என்றாள்.

உண்மையில் எனக்கும் நல்ல பசி. புளியோதரைப் பாத்திரத்தைத் திறந்து முதலில் அவளுக்கு வைத்தேன், நிறையவே வைத்தேன்.