கடைசி சேனலில் ஒரு தப்பு

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசியில் நீங்கள் "இந்த ஆள் எப்பவுமே ஒரு மாதிரி" என்று நினைப்பீர்கள். மாத்தளையில் சவுண்ட் சர்விஸ் நடத்துகிறேன். கோயில் திருவிழா, கல்யாணம், சாவு வீடு, தேர்தல் கூட்டம் எல்லாவற்றுக்கும் பெட்டி கட்டுவேன். மயானத்தை ஒட்டிய கோயில்களில் ஸ்பீக்கர் பெட்டிக்கு முதுகைக் கொடுத்துத் தூங்கி எழுந்தவன். இத்தனை வருஷத்தில் என் காதில் விழுந்த பேய்ச் சத்தமெல்லாம் எர்த் சரியில்லாத சத்தமாகத்தான் இருந்திருக்கிறது. எங்கள் தெருவில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் சலீம் நாநா என்னைப் பார்த்துச் சொல்வார், "ராஜன், ஒங்களுக்கு முன்னால பேயே வந்து நின்டாலும் நீங்க மொதல்ல அதோட சவுண்டத்தான் கொறைப்பீங்க." அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் இந்தக் கதையை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

என் மனைவி மல்லிகாவைப் பற்றிச் சொல்லாமல் இது விளங்காது. அவள் போய் இரண்டு வருஷமாகிறது, சுகமில்லாமல் போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகள் கிடையாது. எந்த வேலைக்குப் போனாலும் வேனில் என் பக்கத்து சீட்டில்தான் வருவாள். நான் மிக்சருக்கு முன்னால் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். மிக்சர் என்றால் கொறிக்கிற மிக்சர் அல்ல, ஒவ்வொரு மைக்கின் வயரும் தனக்கென்று ஒரு சேனலில் வந்து சேர்கிற பலகை. அவள் மேடைக்குப் போய் ஒவ்வொரு மைக்காகச் சோதித்துத் தருவாள். ஊர் உலகத்தில் எல்லாரும் "ஹலோ, ஹலோ" என்றுதானே சோதிப்பார்கள்? இவளுக்கு அது வராது. "யாருமே இல்லாத எடத்துல யாருக்குங்க ஹலோ சொல்றது?" என்பாள். அதற்குப் பதிலாக மைக்கின் தலையில் நகத்தால் தட்டுவாள்.

அந்தத் தட்டலுக்கும் ஒரு கதை உண்டு. அவளுடைய அப்பா இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தப்பு அடித்தவர். அந்தக் காலத்தில் விடியும் முன்பே அவர் தோல் பறையைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு முன்னால் அடித்துக்கொண்டு போனால்தான் சனங்கள் எழுந்து வேலைக்குக் கிளம்புமாம். டக்... டக்... டக்கடக்க... டக். கடைசி அடி மட்டும் ஒரு மூச்சு பிந்தித்தான் விழும். அவருக்கு இளைப்பு, அந்த இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். மல்லிகாவுக்கு இளைப்பும் இல்லை, ஒன்றும் இல்லை, ஆனால் நகத்தால் தட்டும்போது அதே இடத்தில் அவளும் நிற்பாள். அந்தக் கடைசி அடி காதில் விழுந்தால் சேனல் உயிரோடு இருக்கிறது என்று எனக்கு அர்த்தம்.

அவளிடம் எனக்குப் பிடிக்காத ஒரே பழக்கம் வயர் சுற்றுவது. எங்கள் தொழிலில் வயரைக் கையில் ஒரு வளையம் இப்படி, ஒரு வளையம் அப்படி என்று மாற்றி மாற்றித்தான் சுற்ற வேண்டும், அப்போதுதான் உள்ளே முறுக்கேறாது. அவள் கொடிக்கயிறு சுற்றுவது போலப் பெருவிரலுக்கும் முழங்கைக்குமாகச் சுற்றுவாள். சுற்றி முடித்து, பிளக்கின் தலையை உள்ளே செருகிவிடுவாள். "வயர் கெட்டுப் போகும்டி" என்றால், "தல வெளிய கெடந்தா இடிபடும்ல, பாவம்" என்பாள். வயரைப் பார்த்துப் பாவம் என்றவள்!

போன வருஷம் டவுனில் இருக்கிற ஒரு நாடகக் குழுவும், பல்கலைக்கழக நாடகத் துறைப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு ரொக் இசை நாடகம் போட்டார்கள். இடம், அந்தக் குழு அரங்கமாக மாற்றி வைத்திருக்கிற பழைய கொக்கோ ஸ்டோர். தகரக் கூரை. இன்னமும் சுவரிலிருந்து மிளகும் கராம்பும் மணக்கும், சோகக் கட்டத்தில் யாராவது தும்முவார்கள். கதை நம் தோட்டங்களில் ஆடுகிற காமன் கூத்துக் கதைதான். சிவன் காமனை எரித்துவிடுகிறார், ரதி அழுகிறாள். தோட்டத்தில் காமனை எரித்தால் மூன்றாம் நாள் எழுப்பாமல் விடமாட்டார்கள். ஆனால் நாடகத்தை நடத்திய விரிவுரையாளர், யாழ்ப்பாணத்துக்காரர், எரிப்பதோடு முடித்துவிட்டார். "எழும்பிவிட்டால் சனம் சந்தோசமா வீட்ட போயிடும் அண்ணை. அழுதுகொண்டு போகவேணும்" என்றார். கிட்டார், டிரம், காமனுக்குத் தோல் ஜாக்கெட், எல்லாம் உண்டு. என் பெட்டிகள் அப்படி அதிர்ந்து நான் பார்த்ததில்லை.

ரதியாக நடித்த பிள்ளை தர்ஷினி. தோட்டத்துப் பிள்ளை, நல்ல கணீரென்ற குரல். அவளுக்கு ஒரே ஓர் இடத்தில்தான் சிக்கல். காமன் எரிந்ததும் கிட்டார், டிரம் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். அந்த அமைதிக்குள்ளிருந்து அவள் தனியாக ஒப்பாரியைத் தொடங்க வேண்டும். தாளம் கிடையாது, ஆனால் சரியான இடத்தில் தொடங்காவிட்டால் பிறகு வரும் வாத்தியம் அவளுக்கு முன்னாலோ பின்னாலோ ஓடிவிடும். ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் தவறினாள். விரிவுரையாளர் பொறுமையான மனுஷன், அவருக்கும் பொறுமை போய்விட்டது. இன்னொரு பிள்ளையின் குரலைப் பதிவு செய்து என் லெப்டொப்பில் போட்டுவைத்தார். "தர்ஷினி பிந்தினால் நான் கை காட்டுவன், நீங்கள் இதைப் போடுங்கோ. அவ வாயசைக்கட்டும்."

அந்தப் பிள்ளை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது.

"மாமா, நாளைக்கு அம்மா வாராங்க."

"நல்லதுதானேம்மா."

"என்ன நல்லது? லயத்துல எல்லாரும் 'கூத்தாடவா மகள கம்பஸுக்கு அனுப்புன'ன்னு கேட்டுக் கேட்டு அம்மாவுக்குத் தலை நிமிர முடியல. எனக்காகச் சண்ட போட்டுட்டு, மொத தடவையா பாக்க வாராங்க. வந்து பாத்தா நான் இன்னொருத்தி கொரலுக்கு வாயத் தொறந்து மூடுறதா?"

"நீ பாடுவே, என் மிக்சருக்குப் பொய்க் குரல் புடிக்காது" என்று ஏதோ உளறினேன். சிரித்தாள். ஆனால் போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகுதான், அந்த ஒத்திகையிலேயே, நடந்தது. அதே இடம், காமன் எரிந்து எல்லாம் நின்ற இடம். என் ஹெட்போனில் மெல்ல, டக்... டக்... டக்கடக்க... டக். குனிந்து பார்த்தால் கடைசி சேனலின் பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், அந்தச் சேனலில் வயரே மாட்டியிருக்கவில்லை. மல்லிகா இருந்தபோது அவளுடைய சோதனை மைக்குக்கென்று விட்டிருந்த சேனல் அது. பிறகு நான் அதைத் தொட்டதே கிடையாது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "சேர், கடைசி சேனல்ல தப்பு கேக்குது" என்று கத்தினேன்.

"தப்பெண்டால் திருத்துங்கோவன் அண்ணை."

"திருத்துற தப்பு இல்ல சேர், அடிக்கிற தப்பு!"

"ஆர் ஆருக்கு அடிக்கினம்?"

பிள்ளைகள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டிரம் வாசிக்கிற கசுன் என்ற சிங்களப் பையன் ஓடி வந்து ஹெட்போனை மாட்டிப் பார்த்தான். "ஒண்ணும் இல்ல அண்ணே, நல்லா தூங்குங்க" என்றான். சரி, மழைக்காலம், உள்ளே ஈரம் இறங்கியிருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் வீட்டுக்கு வேன் ஓட்டிப்போகும்போது பக்கத்து சீட்டுப் பெல்ட் ஆடி ஆடிக் கதவில் தட்டியதற்கெல்லாம் திரும்பிப் பார்த்தேன். வீட்டில் தேத்தண்ணி ஊற்றினேன். வழக்கம் போலக் கூடிப்போயிற்று. இன்றுவரைக்கும் ஒருவருக்கு அளவாக ஊற்ற என் கைக்குத் தெரியாது.

மறுநாள் பின்னேரக் காட்சி. அரங்கம் நிறைந்துவிட்டது. தர்ஷினியின் அம்மா எனக்கு முன் வரிசையில்தான், பஸ்ஸில் நனைந்த சேலையோடு, மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாடகம் நன்றாகத்தான் போனது. காமனைச் சுற்றிச் சிவப்பு வெளிச்சமும் புகையும் எழும்பிய நேரம் பார்த்து மழை இறங்கியது. மாத்தளையின் பின்னேர மழை, அதுவும் தகரக் கூரையில், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிட்டார் நின்றது, டிரம் நின்றது, ஆனால் அமைதி வரவில்லை. மழைதான் வந்தது. பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது.

தர்ஷினி மேடை நடுவில் நின்றாள். வாய் திறக்கவில்லை. கசுனைப் பார்த்தாள், அவன் விரலால் ஏதோ காட்டினான், புகையில் அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு முன்னால் அவள் அம்மா சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார். மேடை ஓரத்திலிருந்து விரிவுரையாளர் கையை உயர்த்தி, "போடுங்கோ" என்று காட்டினார். என் விரல் லெப்டொப்பின் மேல் இருந்தது.

அப்போது ஹெட்போனில் அது கேட்டது. அந்த மழைக்குள்ளும், காதுக்குப் பக்கத்தில் நின்று தட்டுவது போல. டக்... டக்...

நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். லெப்டொப்பிலிருந்த விரலை எடுத்துக் கடைசி சேனலைத் திறந்தேன். மேடையில் பாடுபவர்களின் காலடியில் அவர்களைப் பார்த்தபடி ஒரு சின்னப் பெட்டி வைப்போம், அதற்கும் அனுப்பினேன், வெளிப் பெட்டிகளுக்கும் அனுப்பினேன். டக்கடக்க... என்று வந்து நின்றது. அந்த ஒரு மூச்சு இடைவெளியில் தர்ஷினியின் தலை நிமிர்ந்தது. கடைசி அடி விழவும் அவள் வாய் திறக்கவும் சரியாக இருந்தது.

அந்த ஒப்பாரியை நான் எப்படிச் சொல்வது? மழையை அவள் கீழே தள்ளிவிட்டாள், அவ்வளவுதான் சொல்லத் தெரியும். வாத்தியங்கள் வந்து அவள் குரலுக்குக் கீழே பணிந்து சேர்ந்துகொண்டன. முன்னால் அவள் அம்மாவின் தோள் குலுங்கியது. எனக்கும் கண் மங்கிவிட்டது. துடைத்துவிட்டுப் பார்த்தபோது கடைசி சேனலின் விளக்கு அணைந்திருந்தது.

முடிந்ததும் பிள்ளை ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. "மாமா, நீங்க மட்டும் தட்டலன்னா நான் செத்தேன்! எப்படி மாமா தட்டுனீங்க, நகத்தாலயா?"

"ஆமாம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

விரிவுரையாளருக்கு ஒரே சந்தோஷம். தட்டலா, தனக்கு மழையைத் தவிர ஒன்றும் கேட்கவில்லையே என்றார். கசுனும் அப்படித்தான் சொன்னான். சரி, எனக்கும் அந்தப் பிள்ளைக்கும்தான் கேட்டிருக்கிறது என்று வயர்களைக் கழற்றத் தொடங்கினேன். அப்போது அவள் அம்மா தயங்கித் தயங்கி மிக்சர் பக்கம் வந்தார்.

"அண்ணே, பாட்டெல்லாம் நல்லாத்தான் இருந்திச்சு. லயத்துல எவ கேட்டாலும் இனி நான் பதில் சொல்லிக்குவேன். ஒண்ணு மட்டும் வெளங்கலண்ணே. காமன எரிச்ச கையோடயே எழுப்புற தப்ப அடிச்சுட்டீங்களே?"

"எழுப்புற தப்பா தங்கச்சி?"

"ஆமா, விடியக்காலம் ஆளுகள எழுப்புறதுக்கு அடிப்பாங்களே, அது. சின்னப் புள்ளையில கேட்டது. எரிச்சா மூணு நாள் பொறுக்கணும்லண்ணே, அப்புறந்தானே எழுப்பணும்."

நான் சிரித்து மழுப்பினேன். அவரை மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். இருவரும் ஒரே குடைக்குள் ஒட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பதைக் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தனியாக எல்லா வயரையும் என் முறைப்படி மாற்றி மாற்றிச் சுற்றி, வயர்ப் பெட்டியில் அடுக்கி, பூட்டி, வீட்டுக்கு வந்தேன். சாவி என் இடுப்பில்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு கோயில் வேலைக்காகப் பெட்டியைத் திறந்தேன். எல்லாம் நான் வைத்தபடிதான் இருந்தது. மேலே கிடந்த ஒரு வயரைத் தவிர. அது பெருவிரலுக்கும் முழங்கைக்குமாகச் சுற்றியிருந்தது. பிளக்கின் தலை உள்ளே செருகியிருந்தது.

யாராவது பிள்ளைகள் உதவிக்குச் சுற்றி வைத்திருப்பார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். அந்த வயரை இன்றுவரை பிரிக்கவில்லை. முன்னறையில் ஓர் ஆணியில் தொங்குகிறது. முறுக்கேறிக் கெட்டுப்போயிருக்கும், தெரியும், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வயர் குறைந்துதான் போகிறேன். ஒருநாள் அந்த வளையத்தை என் பெருவிரலில் மாட்டி முழங்கை வரைக்கும் இழுத்துப் பார்த்தேன். எட்டவில்லை. என்னுடையதைவிடக் குட்டையான ஒரு கையின் அளவு அது.

காலையில் அதைக் கடந்து போகும்போது, யாரும் இல்லாத வீடுதானே, "ஹலோ" என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.