காய்ச்சலிலும் நிற்காத ஊசி

செய்தியைக் கொண்டுவந்தவர் மருந்துக்கடை அருளப்பன். மழை பிடித்துக்கொண்ட காலை. என் துணிக்கடையில் இந்த ஊர் அன்னாமியப் பெண்மணி ஒருத்தி கறுப்புப் பட்டுத் துணியை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருளப்பன் உள்ளே வராமல் வாசலிலேயே குடையை மடக்கிக்கொண்டு நின்றார். "மதாம் போயிட்டாங்க, மரைக்காரே" என்றார். எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் துணி அளந்த கை நின்றுவிட்டது. அந்தப் பெண்மணிக்கு அன்று என்ன விற்றேன், எவ்வளவுக்கு விற்றேன் என்று எனக்கு நினைவில்லை.

சவரியம்மாள் என்று சொன்னால் சைகோன் தமிழர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஊசி மதாம் என்றால் எல்லோருக்கும் தெரியும். காரைக்கால் கிறிஸ்தவர். துறைமுகச் சுங்கத்தில் வேலைக்கு வந்த கணவரை இந்த மண்ணிலேயே புதைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, அந்த வேலையும் முடிந்த பிறகு, சர்க்கரை வியாதிக்காரர்களின் வீடு வீடாகப் போய் இன்சுலின் ஊசி போட்டுவந்தவர். விடிந்ததும் வருவார். எங்கள் சிறுநீரை நீலத் திராவகத்தோடு கண்ணாடிக் குழாயில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். நீலம் நீலமாகவே நின்றால் ஒரு 'ம்' மட்டும் வரும். சர்க்கரை ஏறிச் செங்கல் நிறத்துக்குத் திரும்பினால், "நேத்து யார் வீட்டு விசேஷம், மரைக்காரே?" என்பார். முந்தின நாள் தின்றதையெல்லாம் நம் வாயாலேயே கக்க வைத்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பார்.

எந்த வீட்டிலும் பச்சைத் தண்ணீருக்கு மேல் எதுவும் தொடமாட்டார். பெருநாளன்று தம்ரூட் என்ற ரவை இனிப்பைச் செய்து தட்டில் வைத்து நீட்டினால், "வேலை நேரத்துல வாய் அசையுறது ஊசிக்காரிக்கு ஆகாது" என்று தள்ளிவிடுவார். என் மனைவி லான் இந்த ஊர்ப் பெண். கொடுத்ததை மறுத்தால் அவளுக்குப் பொறுக்காது. மதாமுக்குக் கர்வம் என்று பல நாள் முணுமுணுத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீங்களும் நினைத்திருப்பீர்கள்.

பொய் சொல்லத் தெரியாத மனுஷி. ஊசி ஆரம்பித்த புதிதில், இந்த மருந்து எந்தப் பிராணியிலிருந்து வருகிறது என்று என் நானா கேட்டார். நானா என் அண்ணன், கடைக்கும் வீட்டுக்கும் அவர் சொல்தான். வேறு யாராக இருந்தாலும் மழுப்பியிருப்பார்கள். மதாம், மாட்டிலிருந்தும் எடுக்கிறார்கள், பன்றியிலிருந்தும் எடுக்கிறார்கள், உங்கள் வீட்டுக்கு மாட்டுப் புட்டி மட்டும்தான் வரும் என்றார். செட்டிமார் வீடுகளுக்கு மற்றது போனது. இரண்டையும் தனித்தனிப் பையில் வைத்திருந்தார். ஒருமுறை என்னிடம், "உங்க ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல நான் படுற பாடு அந்த மாட்டுக்கும் தெரியாது, பன்னிக்கும் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. காய்ச்சல் கண்டால் ஊசியை நிறுத்தக் கூடாது. நம்மவர்கள் நேர்மாறு. காய்ச்சல் வந்ததும் சோற்றை நிறுத்துவோம். சோறு இல்லாதபோது சர்க்கரை ஊசி எதற்கு என்று அதையும் நிறுத்துவோம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். துறைமுகத்தை ஒட்டிய கான் ஹொய் கிடங்கில் காவல் இருந்த தஞ்சாவூர்க்காரர் ஒருவருக்குக் காலில் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. கூட இருந்தவர்கள் கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடுத்து, மதாமை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆள் சில நாளில் போய்விட்டார். அடக்கத்துக்கு வந்த மதாம், அழுதுகொண்டிருந்தவர்களைப் பார்த்து, "இவரைச் சீழ் மட்டும் கொல்லல. நீங்க பட்ட கரிசனமும் சேர்ந்துதான் கொன்னுச்சு" என்றார். சாவு வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று எல்லோரும் சபித்தார்கள். நானும் முகம் சுளித்தேன்.

பிறகு என் முறை வந்தது. பிடரியில் ஒரு பரு. இரண்டு மூன்று கண் வைத்து, ராஜபிளவையாகிக் கழுத்தைத் திருப்ப முடியாமல் போனது. நெருப்புக் காய்ச்சல். குடித்த கஞ்சியெல்லாம் வாந்தி. மதாம் வந்தபோது நானா கதவை மறித்து நின்றார். அவர்கள் பேசியது படுக்கையில் கிடந்த என் காதில் விழுந்தது.

"வயித்துல ஒண்ணுமே இல்ல. இப்ப சர்க்கரையை இறக்குற ஊசியைப் போட்டா தம்பியை மையத்தாத்தான் தூக்கணும்" என்றார் நானா.

"அவர் திங்கலைன்னாலும் அந்தப் புண்ணும் காய்ச்சலும் உள்ள சர்க்கரையை ஏத்திக்கிட்டே இருக்கும், மரைக்காரே. என்னை நம்ப வேண்டாம். நீரைக் கொண்டாங்க, உங்க கண்ணாலயே பாருங்க."

நானா அசையவில்லை. லான்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். நானா பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாயில் நீலம் போய், பச்சை போய், செங்கல் நிறம் வந்து அடியில் படிந்தது. ஒரு பருக்கை சோறு உள்ளே போகாத உடம்பின் நீர் அது. நானா ஒதுங்கி வழிவிட்டார். மதாம் என் முகத்தருகே குனிந்து மோந்து பார்த்தார். "பழ வாடை வர ஆரம்பிச்சிருச்சு. அழுகுற பழம் மாதிரி. இந்த வாடையை மறந்துடாதீங்க, இது வந்தா நேரம் கம்மி" என்று லானுக்குச் சொன்னார். எனக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.

அதன்பின் காலை, மதியம், மாலை என்று வந்தார். ஒவ்வொரு முறையும் நீரைக் காய்ச்சிப் பார்த்து, வழக்கத்தைவிடக் கூடுதலாகவே மருந்தை ஏற்றினார். டாக்டர் வந்து கீறிவிட்டுப் போன புண்ணைக் கழுவிக் கட்டியதும் அவர்தான். பிரான்சிலிருந்து மருந்து கொண்டுவரும் மார்சேய்க் கப்பல் யுத்தத்தில் நின்றுபோயிருந்த காலம் அது. அருளப்பன் இருந்த புட்டிகளை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்படி வாரி இறைத்தால் என் பங்கு என்ன ஆகும் என்று நானே ஒருநாள் கேட்டேன். "கடையில இருப்பு இருக்கு. நீங்க பேசாம படுங்க" என்றார். மாடா பன்றியா என்று கேட்டவருக்கு முகத்துக்கு நேரே உண்மை சொன்ன அந்த வாய், என்னிடம் ஒரே ஒரு பொய் சொன்னது. நான் நம்பினேன். எழுந்து உட்கார்ந்தேன். கடைக்குப் போனேன். கணக்கப்பிள்ளையோடு சண்டை போடும் அளவுக்குத் தெம்பு வந்தது.

மதாம் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துக்கொண்டிருந்தார். யுத்த காலத்தில் யார்தான் இளைக்கவில்லை? ஒருநாள் லேசாக நொண்டிக்கொண்டு வந்தார். செருப்பு கடித்துவிட்டது என்றார். பிறகு ஒருநாள் காலையில் வரவேயில்லை. மறுநாளும் வரவில்லை. கான் ஹொய் பாலத்துக்கு அந்தப் பக்கம், சந்துக்குள் இருந்த அவர் வீட்டைத் தேடிப் போனேன்.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே நுழைந்ததும் பழ வாடை. தோட்டத்தில் அழுகிக் கிடக்கும் கொய்யாவின் வாடை. நான் முட்டாள், முதலில் மேசையைத்தான் பார்த்தேன், யார் வாங்கி வைத்த பழம் என்று. மேசையில் ஒன்றுமில்லை. கட்டிலில் மதாம் ஓடி வந்தவர் போல ஆழ ஆழ மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். துணி சுற்றிய பாதம் கணுக்கால் வரை கறுத்து வீங்கியிருந்தது.

"உங்களுக்குமா சர்க்கரை?" என்றேன்.

கண்ணைத் திறக்காமல் ஆமென்று தலையை அசைத்தார்.

"அப்ப எனக்குப் போட்டது யாரோட பங்கு?"

மூச்சு வாங்கலுக்கு நடுவே சொன்னார். "சொல்லியிருந்தா நீங்க வாங்கியிருப்பீங்களா?"

நான் அங்கே நிற்கவில்லை. ரிக்‌ஷா பிடித்து வீட்டுக்குப் போய், பானைத் தண்ணீரில் குளிர வைத்திருந்த என் புட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, மதாமை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். புட்டியில் மிச்சம் இருந்தது கொஞ்சம். அதைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு உங்களுக்கு?" என்று முனகினார். அந்த நிலையிலும் கணக்குப் பார்க்கிறாரே என்று எனக்கு அழுகையோடு ஆத்திரமும் வந்தது. எல்லாவற்றையும் ஏற்றினார்கள். அந்தக் காலுக்கும் அந்தக் காய்ச்சலுக்கும் அது எந்த மூலைக்கு? மறுநாள் காலையில்தான் அருளப்பன் என் கடை வாசலில் குடையை மடக்கினார்.

கல்லறைத் தோட்டத்தில் அருளப்பன் மீதியைச் சொன்னார். மதாமும் தம்மிடம் பங்கு வாங்கியவர்தான் என்றார். என் காய்ச்சலின்போது என் பங்கு தீர்ந்த பிறகு எனக்கு ஏறியதெல்லாம் அவருடையது. கேட்டபோது, இன்சுலின் என்ற ஒன்று வருவதற்கு முன்பு பட்டினி கிடந்துதான் நாங்களெல்லாம் உயிர் பிழைத்தோம், இப்போதும் அப்படிச் சமாளிப்பேன் என்றாராம். சமாளித்தும் இருக்கலாம், அந்தச் செருப்பு கடிக்காமல் இருந்திருந்தால். புண் வந்து சீழ் பிடித்த பின்னால் பட்டினி காப்பாற்றாது என்று சைகோன் முழுக்கக் கத்திக்கொண்டு திரிந்தவர் அவர்தானே? அவருக்குத் தெரியாதா? கேட்டிருந்தால் நானாவே செட்டிமார் வீடுகளில் போய்ப் பிச்சை எடுத்தாவது ஒரு புட்டி கொண்டுவந்திருப்பார். அவர் யாரையும் கேட்கவில்லை. நாமும் இத்தனை வருஷமாக, ஒரு வாய் தேநீரைக்கூட ஏன் தொடமாட்டேன் என்கிறீர்கள் என்று அக்கறையோடு ஒருமுறை கேட்கவில்லை. எனக்கு மதாம் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. தீர வேண்டாம் என்றும் இருக்கிறது.

கப்பல் இன்னும் வரவில்லை. நான் சோற்றைக் குறைத்துக்கொண்டு, அருளப்பன் தருவதை வைத்து நாளை ஓட்டுகிறேன். காலையில் லான் குழாயைக் காய்ச்சிப் பார்க்கிறாள். நிறம் மாறினால் திட்டுவதற்குத்தான் ஆளில்லை.

மதாமிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது என் பிடரித் தழும்பு ஒன்றுதான். என் கண்ணுக்கு அது தெரியாது. பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியும். அசிங்கமாக இருக்கிறது, காலரை உயர்த்தித் தைத்துக்கொள் என்று நானா சொல்லி, தையற்காரரிடம் சட்டையும் கொடுத்திருந்தேன். மதாமை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும் வழியில் அந்தச் சட்டையைத் தைக்காமலேயே திருப்பி வாங்கிக்கொண்டேன். யாராவது கேட்கட்டும். காய்ச்சலில் ஊசியை நிறுத்தாதீர்கள் என்று முதலில் சொல்வேன். இது ஆறுவதற்கு இரண்டு பேருடைய மருந்து செலவானது என்று பிறகு சொல்வேன்.