அக்கா மறுத்த சம்பந்தம்

அக்கா இல்லாமல் ஓராண்டு எப்படியோ ஓடிவிட்டது. அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு. அவரோடு அதிகம் சண்டை போட்டவன் என்ற உரிமையில் நான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது போடியில். எங்கள் ஐயா ஏலத்தோட்டத்துக்கு மலையேறிய வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. நாற்பதுகூட நிறையவில்லை. பெரியண்ணனும் அப்படியே போனார். அவர்களுக்கும் அக்காவுக்கும் எனக்கும் கண்ணோரம் மஞ்சள் தடிப்பு, குதிகாலுக்கு மேலே கட்டி. குடும்ப அடையாளம் என்று பெருமை பேசித் திரிந்தோம். அந்த மஞ்சளைப் பார்த்து மகாலட்சுமி என்றுதான் பக்கத்துத் தேவாரம் ஊர்க்காரர்கள் அக்காவைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், கட்டியில் செருப்பு உரசுகிறதென்று அக்கா ரயிலேறி மதுரைக்குப் போனார். மருத்துவர் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா எப்படி இறந்தார்?" என்று கேட்டாராம். கட்டியும் மஞ்சளும் ரத்தத்தில் மிஞ்சிய கொழுப்பு, நெஞ்சுக் குழாயில் படிந்து அடைக்கும், பரம்பரையாக வருவது. அன்றோடு நெய்யும் கறியும் நின்றன. சில ஆண்டுகளில் ஒரு மாத்திரையும் வந்தது. விழுங்கினால் முகம் காதுவரை சிவந்து எரியும். யார் மேல் கோபம் என்று தெருவே கேட்கும்.

அக்கா மகள் தொட்டிலில் கிடந்தபோதே அவள் எனக்கென்று பேச்சு. வயது வந்ததும் அக்கா மறுத்துவிட்டார்.

"ஒன் கால்லயும் கட்டி, எம் மக கால்லயும் கட்டி. ரெண்டும் சேந்தா பொறக்குற பிள்ளைக்கு ரெட்டிப்பா வந்தாலும் வரும்னு டாக்டர் சொல்றாரப்பு. இன்னொரு சாவப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

"பொண்ணு தர மனசில்லன்னு சொல்லுக்கா. டாக்டர ஏன் இழுக்குற?" என்றேன்.

சொந்தத்துக்கு வெளியில் மாப்பிள்ளை பார்த்தார். போடியில் கல்யாணம். நான் போகாமல் வீட்டில் படுத்துக்கொண்டேன். முகூர்த்தத்துக்குச் சற்று முன் அக்காவே வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் சிவப்பு.

"அழுதியாக்கா?"

"அழுகயா? மாத்திரை செய்யுற சோலி. வெரசா கெளம்பு. தாய்மாமன் வராம எம் மக மணையில உக்கார மாட்டா."

போனேன். மாலை எடுத்துக் கொடுத்தேன். முகத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டேன்.

பல ஆண்டு கழித்து அதே மாத்திரை எனக்கும் வந்தது. சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் கூடவே கூடாது என்றார்கள். கல்யாணத்தன்று பெண்ணைப் பெற்றவள் விரதமென்று, தாலி ஏறும்வரை அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. அழுதுவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

அறுபத்தெட்டு வயதுவரை இருந்தார். எங்கள் ரத்தத்தில் அந்த வயதைக் கண்டவர் வேறில்லை.

கடைசி நாட்களில் கவனித்த மருத்துவர்களுக்கும், ஜீப்பை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்த பக்கத்து வீட்டாருக்கும், மகனாக நின்ற அந்த வெளியூர் மாப்பிள்ளைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த நினைவு மலரை வாங்கும் சொந்தங்கள் பிள்ளைகளுக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துவிடுங்கள்.

அக்காவுக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டது. அதைக்கூட அவரிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.