மக்காச்சோளத்துக்கு வேர்த்த நாள்

தை மாதத்தில் வானம் கறுத்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. திருவொற்றியூரில் மக்காச்சோளக் கிடங்கு வைத்திருப்பவனுக்கு எந்த மாத மழையும் எதிரிதான். அப்படி வானம் கறுத்திருந்த ஒரு நாள் பெரம்பலூர் பக்கத்திலிருந்து ஒரு லோடு கிளம்ப வேண்டியிருந்தது. மூன்று ஏக்கரில் விளைந்த சோளம். விளைவித்தவர் ஒரு பெண். ஊர் வியாபாரி அடிமாட்டு விலை கேட்கிறான் என்று, முதல் தடவையாக நேரே எனக்கே அனுப்பினார். அதோடு விடாமல் தானும் லாரியில் ஏறிக்கொண்டார்.

மூட்டை ஏற்றும்போதே டிரைவரைப் போனில் பிடித்துக் கத்தினேன். "தார்ப்பாயை இழுத்துக் கட்டுடே. யார் சொன்னாலும் அவுக்காத. ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா சரக்கை எறக்க விடமாட்டேன், பாத்துக்க." எனக்குக் கோபம் வந்தால் குரல் முந்திக்கொள்ளும். புத்தி நிதானமாகப் பின்னால் வரும்.

மழை வரவேயில்லை. மறுநாள் வெயில் கொளுத்தியது. லாரி மணலி சாலையில், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் வண்டிகளின் வரிசையில் மாட்டிக்கொண்டு பகல் முழுக்க நகரவில்லை. நான் வாசலுக்கும் மேசைக்குமாக அலைந்தேன். இறுக்கி மூடிய சோளம் வெயிலில் நின்றால் உள்ளே வேர்க்கும். இத்தனை வருடத் தொழிலில் அதுகூடவா தெரியாது? தெரியும். ஆனாலும் அவிழ்க்கச் சொல்லப் பயம். அவிழ்த்த நேரம் பார்த்து மழை கொட்டிவிட்டால்?

அதற்கு அடுத்த நாள் காலையில்தான் வண்டி வந்தது. சுமை இறக்குபவர்களின் மேஸ்திரி மேலே ஏறித் தார்ப்பாயை விலக்கினார். "அண்ணாச்சி, இன்னா மூட்டை இப்டி சுடுது? நாத்தம் வேற அடிச்சிகினு கீது!"

குத்தூசியை மூட்டையில் செருகி நாலு சோளமணி எடுத்துக் கடித்தேன். காய்ந்த சோளம் பல்லில் டக்கென்று உடைய வேண்டும். இது நசுங்கியது. ஈரம் பார்க்கும் மீட்டரில் பதினேழு சதவீதம். கோழித்தீவன ஆலையில் பதினாலுக்கு மேல் தொடமாட்டார்கள். பூசணம் பிடித்த தீவனம் பண்ணையையே காலி செய்துவிடும். ஆலை திருப்பிய சோளத்தை வேறு யார் வாங்குவார்கள்? அந்தப் பெண்ணின் ஒரு வருடப் பாடு மொத்தமும் போச்சு.

அவர் லாரி ஓரத்தில் நின்றபடி, "என் தப்புதாண்ணே. இன்னும் ரெண்டு நாளு காயவச்சிருக்கணும். அவசரப்பட்டுட்டேன்" என்றார். கண் கலங்கியிருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. "ஆமாம்மா, சரியாக் காயலை" என்று சொல்லியும் விட்டேன். என்ன மனுஷன் நான்!

மேஸ்திரி மூட்டைகளை இறக்க இறக்க நான் குத்திப் பார்த்தேன். கெட்டது மேல் மூன்று அடுக்குதான். கீழே இருந்ததெல்லாம் டக்கென்று உடைந்தது. மீட்டரில் பதிமூன்று. அந்தப் பெண் அருமையாகக் காயவைத்திருக்கிறார்.

"அந்தம்மா மேல இன்னா தப்பு கீது அண்ணாச்சி? டைட்டா மூடி அவிச்சி வெச்சிக்கிறாங்க" என்றார் மேஸ்திரி.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "நான்தாம்மா மூடச் சொன்னேன். தப்பு என்னோடது" என்று அவரிடம் சொன்னேன்.

அவர் ஒரு கை சோளத்தை அள்ளிப் பார்த்தார். பிறகு, "நேத்து மத்தியானம் மணலி ரோட்டுல டீ குடிக்க எறங்குனப்பவே கைய உள்ள விட்டுப் பாத்தேண்ணே. கொதிச்சுது. அவுக்கச் சொன்னேன். நீங்க திட்டுவீங்கன்னு டிரைவரு மாட்டேன்னுட்டாரு. நீங்க தொழில்காரரு, உங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப்போவுதுன்னு நானும் பேசாம வந்துட்டேன்" என்றார்.



சுட்ட மூட்டைகளைப் பிரித்து முற்றத்தில் கொட்டிப் பரப்பினோம். "நீங்க ஊருக்குக் கெளம்புங்கம்மா, நான் காயவச்சுக்கிடுதேன்" என்றேன்.

"இல்லண்ணே. நானே பாத்துக்கறேன்."

புடவையைச் செருகிக்கொண்டு, பகல் முழுக்க வெயிலில் காலால் கிளறிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் மீட்டரில் பதினைந்து காட்டியது. ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தார். "இன்னும் ஒரு வெயில் போதும்" என்றார். என்னிடம் இல்லை, மேஸ்திரியிடம்.