சனிக்கிழமை மட்டும் பேசிய பிரெஞ்சு

மெஷினில் இருந்து அப்போதுதான் வெளியே வந்த ஜெராக்ஸ் தாளுக்கு ஒரு சூடு இருக்கும். தெரேஸ் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். "இட்லி மாதிரி இருக்குடி" என்பாள்...

இருபது வருஷத்துக்கு முந்தைய புதுச்சேரி. நான் மூலக்குளத்தில் ஒரு பள்ளியில் பிரெஞ்சு டீச்சர். தெரேஸ் ரெட்டியார்பாளையத்தில் இன்னொரு பள்ளியில். இரண்டு இடத்திலும் பிரெஞ்சுக்கு ஒரே ஆள்தான். கணக்கு டீச்சர்கள் ஸ்டாஃப் ரூமில் கூடிக் கூடிப் பேசுவார்கள். எனக்குப் பாடத்தைப் பற்றிச் சண்டை போடக்கூட ஆள் கிடையாது.

மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் விடுதலை. பிரெஞ்சு ஆசிரியர்களுக்குப் பயிற்சி. டவுனில் ஒரு பழைய கட்டடத்து மாடி, ஒரு கேசட் பிளேயர், பத்துப் பதினைந்து பேர். உள்ளே வந்தால் பிரெஞ்சு மட்டும்தான். வாய் தவறித் தமிழ் பேசியவர் அடுத்த மாதம் எல்லோருக்கும் போண்டா வாங்கி வரவேண்டும்.

அங்கே நாங்களே மாணவர்கள். ஒருத்தர் கடைக்காரர் ஆவார், இன்னொருத்தர் பேரம் பேசுவார். ஒருமுறை தெரேஸ் டாக்டர், நான் நோயாளி. எங்கே வலி என்று கேட்டாள். கீழே கடையில் ஜெராக்ஸ் எடுத்து வந்த தாளில் தலைவலி என்றுதான் இருந்தது. நானோ என் மாமியார் வீட்டுக் கதை முழுவதையும் பிரெஞ்சில் கொட்டிவிட்டேன். தமிழில் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். தெரேஸ் சிரிக்கவில்லை. நாடி பார்ப்பதுபோல் பிடித்த கையை விடாமல், "மேலே சொல்லு" என்றாள். அதுவும் பிரெஞ்சில்தான்.

மற்ற நாளெல்லாம் 'புத்தகத்தைத் திற', 'வாயை மூடு'... அவ்வளவுதான் என் பிரெஞ்சு. அவளோடு பஸ் ஸ்டாண்டு வரை நடக்கும்போதுதான் அது எனக்குப் பேச்சானது.

தெரேஸின் வீட்டுக்காரருக்குப் பிரெஞ்சு குடியுரிமை. ஒரு நாள் குடும்பத்தோடு பிரான்சுக்குக் கிளம்பிவிட்டாள். அந்தப் பயிற்சியும் மெல்ல நின்றுபோனது.

இப்போது எல்லாம் போனிலேயே... வீடியோ, பாட்டு, தயாராக வைத்த பாடங்கள். தேடினால் கொட்டுகிறது. அன்று ஒரு கேசட்டுக்கு எத்தனை பேர் அடித்துக்கொண்டோம். பயிற்சியும் ஆன்லைன்தான். எல்லோரும் கேமராவை அணைத்துவிட்டு "போன்ஜூர்" என்று டைப் செய்வோம். முடிந்ததும் சர்டிஃபிகேட் மெயிலில் வந்துவிடும். ஒருத்தர் முகமும் எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தெரேஸ் கூப்பிடுவாள். நான் ஆசையாகப் பிரெஞ்சில் ஆரம்பிப்பேன்.

"வேணாம்டி... வாரம் பூரா இதையே பேசி நாக்கு செத்துப்போச்சு. வூட்ல பசங்ககூட பிரெஞ்சுலதான் பேசுதுங்க. நீ தமிழ்ல பேசு. மார்க்கெட்ல என்ன மீன் வந்துது, சொல்லு."

சங்கரா வந்தது, வஞ்சிரம் விலை கேட்கவே பயம் என்று சொல்கிறேன். "இன்னும் சொல்லுடி" என்கிறாள். என்னைவிட அவளுக்குத்தான் பசி அதிகம். எப்படி மறுப்பது?

போனை வைத்த பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே, அவளிடம் சொல்ல வைத்திருந்ததை எல்லாம் பிரெஞ்சில் மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன். குழாய்ச் சத்தத்தில் எனக்கே அது சரியாகக் கேட்பதில்லை.