இரண்டாவது கையெழுத்து

எங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவது அத்தனை லேசான காரியமாக இருந்ததில்லை. மற்ற வீடுகளில் கதவைச் சாத்துவார்கள், பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு நோட்டு இருந்தது. அப்பாவே அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்ட நோட்டு. இடது ஓரத்தில் வேலைகள்: கேஸ் மூடியது, மோட்டார் நிறுத்தியது, இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கியது, குழாய்களை அடைத்தது, பின்கதவு. அதற்கடுத்த கட்டம் 'செய்தவர்'. அதற்கும் அடுத்தது 'சரிபார்த்தவர்'. இரண்டிலும் கையெழுத்து விழாமல் வீடு பூட்டப்படாது. சந்தைக்கு மீன் வாங்கப் போவதென்றாலும் இதே சட்டம்தான்.

அப்பா இருபது வருடம் விமானப்படையில் இருந்தவர். விமானம் ஓட்டியவர் என்று பள்ளிக்கூடத்தில் நான் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் அவர் விமானத்தின் மின்கருவிகளைப் பழுதுபார்த்தவர். அங்கே ஒரு திருகாணியை முடுக்கினாலும் முடுக்கியவர் கையெழுத்துப் போடவேண்டும். பிறகு வேறொருவர் வந்து தன் கண்ணால் பார்த்து இரண்டாவது கையெழுத்தைப் போடவேண்டும். அதன்பிறகுதான் விமானம் தரையை விட்டு எழும்பும். வேலை முடிந்து ஊருக்கு வந்தபோது அப்பா இரும்புப் பெட்டிகளோடு இந்தச் சட்டத்தையும் கொண்டுவந்து தக்கலைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் இறக்கிவிட்டார். அம்மா முதலில் சிரித்தாள், பிறகு எரிந்து விழுந்தாள், பிறகு கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டாள்.

எனக்குப் பத்து வயதானபோது 'செய்தவர்' கட்டம் என் பொறுப்புக்கு வந்தது. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நான் ஐந்தையும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு அப்பா மறுபடியும் உள்ளே போய் ஐந்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். அது எனக்குப் பொறுக்கவில்லை. அப்படியானால் நான் எதற்கு என்று ஒருநாள் கேட்டு, கேட்ட வேகத்தில் அழுதும் விட்டேன். "சரி மக்கா. இனி நீ போட்டா அதுதான் கடைசி. நான் பின்னால வந்து பாக்கமாட்டேன்" என்றார் அப்பா. சொன்னபடியே இருந்தார். ஒரு வாரம் முழுக்க இரண்டாவது கட்டம் காலியாகக் கிடந்தது. பள்ளிவிட்டு வந்ததும் நோட்டைப் புரட்டி அந்த வெற்றுக் கட்டங்களைப் பார்த்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில் வீட்டில் ஒரே பேச்சு அப்பாவின் அடுத்த வேலைதான். நாற்பது வயதில் படையிலிருந்து வந்தவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு வழி ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பேங்க் வாசலில் நிற்பது. சித்தப்பா அதற்கான விண்ணப்பத்தையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அப்பாவோ மென்பொருள் எழுதப் படிக்கப்போகிறேன் என்று சொல்லி நாகர்கோவிலில் கல்லூரிப் பையன்களோடு வகுப்பில் போய் உட்கார்ந்தார். பையன்கள் அங்கிள் என்று கூப்பிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. அதன்பிறகு நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு பெரிய இயந்திரத்தில் எது கெட்டால் எதெல்லாம் நின்றுபோகும் என்று முன்கூட்டியே யோசித்து வைப்பது என்றார் அப்பா. கவலைப்படுவதற்குச் சம்பளமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் வீட்டில் அதை எல்லாரும் சும்மாவே செய்துகொண்டிருந்தோம்.

இரண்டு நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்தார். முதலாவதில் வயது கூடுதல் என்று சொன்னார்களாம். இரண்டாவதில் என்ன சொன்னார்கள் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது அழைப்பு திருவனந்தபுரத்திலிருந்து வந்தது. விமானக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிற கம்பெனி. படையில் வேலை பார்த்தவர்தான் வேண்டும் என்று அவர்களே கேட்டிருந்தார்கள். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதுவும் கிடைக்கல்லேன்னா அப்பா பேங்க் வாசல்லதான் நிக்கணும். அன்னைக்கு அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லிக் கலக்காத, கேட்டியா?" என்றாள்.

அது ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை. துலாமழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை முறை என்பதால் அப்பாவின் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணிவிட்டு ஆறு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். என்னைத் தனியே விடமுடியாதென்று அப்பா திருவனந்தபுரத்தில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. அப்பா வெள்ளைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டார். போட்டுவிட்டு, சரியில்லை என்று இரண்டாவது தடவையும் போட்டார். அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து ஹார்ன் அடித்தது. எனக்குப் புதுச் செருப்பு. அதன் வாரைக் கொளுவுவதற்கே நேரம் போதவில்லை. முன்னறையில் நின்றபடியே நோட்டைத் திறந்து, ஐந்து கட்டத்திலும் கிறுக்கிவிட்டு மழையில் ஓடி ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். அடுக்களைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா சான்றிதழ்கள் வைத்த ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு கொஞ்சம் பிந்தி வந்து வீட்டைப் பூட்டினார்.

இரணியலில் ரயில் ஏறும்வரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வண்டி நகர்ந்ததும் எதிரே உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தேன். சட்டைக் கையின் மடிப்பு கத்தி போல நின்றது. அந்த மடிப்பிலிருந்து மனம் நேராக இஸ்திரிப் பெட்டிக்குப் போயிற்று. மேசையில் நாலாக மடித்த போர்வை, அதன்மேல் பெட்டி. வயர்? வயர் எங்கே கிடந்தது? எவ்வளவு யோசித்தும் வயர் கண்ணுக்குத் தெரியவில்லை.

"அப்பா, இன்னைக்கு ரெண்டாவது கையெழுத்து போட்டியளா?" என்று ஒன்றும் தெரியாததுபோல் கேட்டேன்.

அப்பா குறிப்புத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீ போட்டாச்சுல்லா. பின்ன என்னத்துக்கு?"

பள்ளியாடி ஸ்டேஷன் வருவதற்குள் போர்வை பழுப்பாகிவிட்டது. அங்கிருந்து வண்டி கிளம்பும்போது ஜன்னல் திரையில் தீ ஏறிவிட்டது. பிறகு கட்டில், என் புத்தகப் பை, அப்பாவின் கம்ப்யூட்டர், வேதப்புத்தகம் வைத்திருந்த அலமாரி. குழித்துறையில் ஆட்கள் ஏறுவதற்குள் பக்கத்துவீட்டு அக்காவின் ஓட்டுக்கூரைக்கும் பரவிவிட்டது. அந்த அக்காவுக்கு ஒரு கைக்குழந்தை. சொன்னால் அப்பாவின் வேலை போகும். சொல்லாவிட்டால் வீடும் போகும், குழந்தையும் போகும். அம்மா சொன்னது ஒரு காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா கைக்குட்டையை மடித்து உள்ளங்கையைத் துடைப்பதும், விரித்து மறுபடி மடிப்பதுமாக இருந்தார். மழைக்காக ஜன்னல் ஷட்டரை இறக்கியிருந்தார்கள். பெட்டிக்குள் புழுக்கம் போலும் என்று நினைத்தேன்.

வண்டி ஆற்றுப்பாலத்தின்மேல் தடதடக்கும்போது சொல்லிவிட்டேன்.

"அப்பா, நான் பாக்கல்ல."

"எத?"

"இஸ்திரிப் பெட்டிய. ஒண்ணையும் பாக்கல்ல. சும்மா கையெழுத்து போட்டேன்."

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் அதுவரை என்னை அடித்ததே இல்லை. ஆனால் இதற்கு அடிக்காவிட்டால் பிறகு எதற்குத்தான் அடிப்பது? அப்பா ஃபைலை மூடி மடியில் வைத்தார். "பாக்கல்லியா, இல்ல பாத்தது ஞாபகம் இல்லியா?" என்று கேட்டார். பழுதான கருவியிடம் கேட்பதுபோல அத்தனை நிதானமாகக் கேட்டார். பார்க்கவில்லை என்றேன். அவர் மூடிக்கிடந்த ஷட்டரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி பாறசாலையில் நின்றதும் எழுந்து பையை எடுத்தார்.

"இறங்குவோம் மக்கா."

நடைமேடையில் நின்று, வண்டியின் கடைசிப் பெட்டி மறையும்வரை பார்த்தார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். வெளியே வந்ததும் பஸ்ஸுக்கு ஓடுவார் என்று நினைத்தேன். அவரோ எதிரே இருந்த சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தனக்கு ஒரு சாயாவும் எனக்குப் பழம்பொரியும் சொன்னார். எனக்கு ஒரு கடிகூட இறங்கவில்லை. அப்பா, வீடு என்றேன். போகலாம், நீ தின்னு என்றார். கம்பெனிக்குப் போன் செய்து, குடும்பத்தில் ஓர் அவசரம், வரமுடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு இன்னொரு சாயா வாங்கி அதையும் ஊதி ஊதிக் குடித்தார். விமானப்படைக்காரர்கள் எத்தனை பெரிய ஆபத்திலும் பதறமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்று நேரிலேயே பார்த்துவிட்டேன்.

களியக்காவிளையில் பஸ் மாறினோம். மார்த்தாண்டத்து நெரிசலில் அரைமணி நேரம் நின்றோம். தென்னந்தோப்புகளுக்கு மேலே தெரிந்த ஒவ்வொரு மேகமும் எனக்குப் புகையாகவே தெரிந்தது. வீடு எரியவில்லை. பக்கத்துவீட்டு அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்ன சீக்கிரம் வந்துட்டிய என்று கேட்டாள். நான் உள்ளே ஓடினேன். இஸ்திரிப் பெட்டி மேசைமேல் நிமிர்ந்து நின்றது. பிளக் பிடுங்கியிருந்தது. வயர் பெட்டியின் கழுத்தில் ஒழுங்காகச் சுற்றியிருந்தது. இது இயேசப்பா செய்த அற்புதம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தீப்பிடிக்காமல் காத்தது மட்டுமல்ல, வயரையும் சுற்றிவைத்துவிட்டாரே என்று முழங்கால் போட்டேன். அப்பா நோட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். "இனி இது வேண்டாம்" என்றார். எனக்குக் கொடுத்த தண்டனை அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மா வந்து முழுதும் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "மெயின் சுவிட்ச் வெளிய வராந்தாவுலதான இருக்கு. பக்கத்து வீட்டுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா அமத்தியிருப்பாவல்லா?"

"தோணல்ல" என்றார் அப்பா. எது கெட்டால் எது நிற்கும் என்று யோசிப்பதையே படித்தவர்.

அந்தக் கம்பெனி இன்னொரு தேதி தரவில்லை. சித்தப்பா மறுபடி விண்ணப்பத்தோடு வந்தார். அப்பா ஒன்றரை வருடம் பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நின்றார். என் பள்ளி வேன் அந்த வழியாகத்தான் போகும். தினமும் அந்த இடம் வரும்போது தலையைக் குனிந்து செருப்பைச் சரிசெய்வேன். மற்ற பிள்ளைகள் நான் வெட்கப்படுவதாக நினைத்திருக்கலாம். வெட்கமில்லை. அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது நான்தான் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அப்பா தானே முயன்று நாகர்கோவிலில் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்தார். ஆரல்வாய்மொழியில் மின்சாரம் எடுக்கும் காற்றாடிகளைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் மென்பொருள் எழுதுகிறார்கள். இன்று அங்கே அவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. விமானம் பறக்கும், இது நின்ற இடத்தில் சுற்றும், அவ்வளவுதான் வித்தியாசம் என்பார். காரியம் நல்லபடியாகவே முடிந்தது. எனக்குத்தான் அந்த வியாதி போகவில்லை. பெங்களூரில் அறையைப் பூட்டிவிட்டு இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி, மறுபடி ஏறிப் போய் வயரைப் பார்ப்பேன். இப்போதெல்லாம் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தியபோது, அப்பாவின் விமானப்படைச் சான்றிதழ்களுக்கு அடியில் அந்த நோட்டு கிடைத்தது. கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். என் ஐந்து கிறுக்கல்கள். அதற்கு முந்தைய வாரம் முழுக்க 'சரிபார்த்தவர்' காலியாகத்தான் இருந்தது. அந்த ஒரு நாளில் மட்டும் ஐந்து கட்டத்திலும் அப்பாவின் கையெழுத்து. ஓரத்தில் 6.40 என்று நேரமும் குறித்திருந்தார். மனம் நிலைகொள்ளாத நாளில் கை தானாகவே பழைய பழக்கத்துக்குப் போயிருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுற்றியது அவர்தான். வீடு பத்திரமாக இருப்பது தெரிந்துகொண்டுதான் பாறசாலையில் இறங்கியிருக்கிறார்.

நோட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. நான் வேனில் குனிந்த ஒன்றரை வருடத்துக்கு யார் பதில் சொல்வது? அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"அன்னைக்குக் காலைல ஜெபம் பண்ணும்போ தலையில கை வச்சேன்லா. உடம்பு கிடந்து நடுங்கிச்சு" என்றாள். பிறகு மெதுவாக, "இறங்க ஒரு காரணம் வேண்டியிருந்துது. நீ குடுத்த" என்றாள்.

வெளியே அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு, வெள்ளையடிக்கிறவரிடம் கவனம் கவனம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அந்த ரயிலில் பயந்துகொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். எதிரே ஒருவர் உள்ளங்கையைத் துடைத்துத் துடைத்து மாளாமல் உட்கார்ந்திருந்தார். புழுக்கம் என்றுதான் அந்தப் பத்து வயதுக்குத் தோன்றியது. வெளியே விடாமல் மழை பெய்துகொண்டிருந்தது, எனக்கே குளிரில் கை விறைத்திருந்தது.